துவக்கில் வெட்டியிருக்கும் ஆண்டு அதன் வயது அல்ல: பழைய லீவர் ரைபிளைப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

"அண்ணே, துவக்கிலேயே 1866 என்று வெட்டியிருக்கு. வின்செஸ்டர். அமெரிக்காவில் இதே சாமான் இருபதாயிரம் டொலர் போகுதாம். நம்ம பக்கம் யாரிடம் கொடுக்கலாம்?"

அப்புத்தளைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன வருடம் இப்படிப் போன் எடுத்தார். வின்செஸ்டர் என்பது, விசைக்குக் கீழேயுள்ள லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைபிள்களுக்குப் பெயர்போன அமெரிக்கக் கம்பனி. அவருடைய தாத்தா தோட்டத்தில் பெரிய கிளாக்கர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த 1975இல், ஊருக்குப் போன துரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போன துவக்காம் அது. தாத்தா இருந்தவரை வருடா வருடம் லைசன்ஸ் புதுப்பித்தார். அவர் போன பிறகு தோல் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது.

என் அப்பா பங்களா அப்புவாக இருந்தவர். துரைமாரின் துவக்கு துடைப்பதும் அவர் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பழக்கத்தில், பழைய துவக்கு எதைக் கண்டாலும் அதிலுள்ள எழுத்தையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. அதனால் இப்படியான போன்கள் வரும். அந்தத் தம்பி பேசிய நான்கு வரிக்குள் மலைநாட்டில் நான் திரும்பத் திரும்பக் கேட்கிற தவறுகளில் பாதி இருந்தன. மீதியை அவர் சித்தப்பா ஏற்கெனவே செய்து முடித்திருந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், அதற்குள் தோட்டா இல்லை என்று நினைப்பது

லீவரை ஒருமுறை இறக்கிப் பார்த்தேன், குழலின் பின்வாய் காலி, அதனால் துவக்கு காலி என்பார்கள். இது ஆளைக் கொல்லும் தவறு. பெரும்பாலான லீவர் ரைபிள்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஓடும் இன்னொரு குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா பின்வாய்க்கு ஏறிவிடும். காலியா என்று பார்க்கப் போனவரே அதை நிரப்பிவிடுகிறார். ஐம்பது வருடம் அசையாமல் இருந்த சுருள்கம்பி முதல் இழுப்பில் சிக்கிக்கொண்டு, மூன்றாம் இழுப்பில் தோட்டாவைத் தள்ளுவதும் உண்டு.

சவேஜ் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பனியின் 99 வகையில் குழாய் மகசீன், அதாவது தோட்டா அடுக்கும் அந்தக் குழாய், கிடையாது. உள்ளே சுழலும் உருளையில் தோட்டாக்கள் இருக்கும். தோட்டாவை வெடிக்க வைக்கத் தட்டும் சுத்தியலும் வெளியில் தெரியாது. அதனால் அது விசை ஏறி நிற்கிறதா இல்லையா என்றே பழக்கமில்லாதவருக்குப் புரியாது. தெரியாத துவக்கைத் தொடாதீர்கள். அதைப் பார்த்துக் காலி செய்யத் தெரிந்தவர்கள் பொலிஸில் இருக்கிறார்கள். எப்படியும் அங்கேதான் போகவேண்டும்.

லீவர் இருந்தால் வின்செஸ்டர் என்று நினைப்பது

பழைய பங்களாச் சாமான்களில் விசைக்குக் கீழே வளையமோ கம்பியோ தொங்குகிற துவக்குகள் என்று நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் மார்ட்டினி. பிரிட்டிஷ் படை 1871இல் எடுத்துக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிளும் அதே அமைப்பில் செய்த வேட்டைத் துவக்குகளும் பேரரசு போன இடமெல்லாம் போயின. லீவரைக் கீழே தள்ளினால் உள்ளே ஒரு இரும்புக் கட்டை சாய்ந்து பின்வாய் திறக்கும். கையால் ஒரு தோட்டாவை வைத்து மூட வேண்டும். அவ்வளவுதான். மகசீன் இல்லை, வெளியே சுத்தியல் இல்லை, ஒரு நேரத்தில் ஒரே வெடி. பர்மிங்ஹாமின் கிரீனர் இதே அமைப்பில் பன்னிரண்டு போர் (குழலின் அகல அளவு) ஒற்றைக்குழல் துவக்கும் செய்தது. அதையும் "வின்செஸ்டர்" என்று ஒருவர் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்.

மார்ட்டினி மட்டமான துவக்கு என்று சொல்லவில்லை. ஆனால் அதை வின்செஸ்டர் விலைப்பட்டியலில் தேடினால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. படைக்குச் செய்த மார்ட்டினியின் வலப்பக்கத்தில் கிரீடம், வி.ஆர். (விக்டோரியா ராணி) என்ற எழுத்து, என்ஃபீல்ட் போன்ற தொழிற்சாலைப் பெயர், ஆண்டு எல்லாம் இருக்கும். அந்த ஆண்டு உண்மையிலேயே செய்த ஆண்டு. வின்செஸ்டரில் அப்படியில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பி.எஸ்.ஏ. கம்பனி 1905 முதல் செய்த பழைய காற்றுத் துவக்குகளிலும் குழலுக்குக் கீழே நீண்ட லீவர் இருக்கும். அது தோட்டா ஏற்ற அல்ல, காற்றறைச் சுருளை இழுக்க. அதைக் காட்டி "மரை சுட்ட ரைபிள்" என்று ஒரு பெரியவர் சத்தியம் பண்ணினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி நன்றாக இருந்தது.

வெட்டியிருக்கும் ஆண்டை வயதாக எடுத்துக்கொள்வது

தம்பியின் 1866க்கு வருவோம். குழலின் மேற்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நான் நினைத்தபடியேதான் இருந்தது. வின்செஸ்டர் கம்பனி, நியூ ஹேவன் என்ற முகவரிக்குக் கீழே, "கிங்கின் மேம்பாடு, காப்புரிமை 1866 மார்ச் 29, 1860 ஒக்டோபர் 16" என்ற பொருளில் ஒரு வரி.

இவை அந்தத் துவக்கு செய்த நாட்கள் அல்ல, காப்புரிமைக்கான நாட்கள். 1860 ஒக்டோபர் 16 அமெரிக்க ஹென்றி ரைபிளின் காப்புரிமை (மார்ட்டினி-ஹென்றி அல்ல, இது வேறு). அந்த ரைபிளிலிருந்துதான் பின்னால் வின்செஸ்டர் வளர்ந்தது. 1866 மார்ச் 29 நெல்சன் கிங் கண்டுபிடித்த பக்கவாட்டுத் தோட்டா வாசலுக்கு உரியது. ஹென்றியில் மகசீனை முன்பக்கம் திறந்து நிரப்ப வேண்டும். கிங் உடலின் வலப்பக்கத்தில் ஒரு சிறு தகட்டுக் கதவு வைத்தார். அந்தக் கதவை வைத்த துவக்குகளில் கம்பனி இந்த நாட்களை ஆண்டுக்கணக்காக வெட்டிக்கொண்டே இருந்தது.

தம்பியின் துவக்கில் நடு உடல் இரும்பு. 1866 மாதிரியின் உடல் மஞ்சள் உலோகம், பித்தளை போலப் பளபளக்கும். நடு உடல் இரும்பாகவும், மேலே பின்னும் முன்னும் நகரும் தூசி மூடி ஒன்றும் இருந்தால் அது 1873 மாதிரி. தோளில் வைக்கும் மரப்பகுதியான சோங்கை நோக்கிப் போகும் மேல் இரும்பு நாக்கில் மாதிரியின் பெயரும் இருந்தது. அந்த மாதிரி ஏழு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டு 1920கள் வரை விற்பனையில் இருந்தது. ஆகவே "1866" என்று வெட்டிய துவக்கு 1905இல் செய்ததாகவும் இருக்கலாம். வயதைச் சொல்வது தொடர் இலக்கம்தான். 1873இல் அது கீழ்நாக்கில், லீவரைத் திறந்தால் தெரியும் இடத்துக்குப் பின்னால் இருக்கும். 1894 மாதிரியில் நடு உடலின் அடிப்பக்கத்தில், முன்புறமாக இருக்கும்.

1894க்கும் இதே கதைதான். "1894 ஓகஸ்ட் 21" என்று கண்டவுடன் நூற்றாண்டுப் பொருள் என்று துள்ளுகிறார்கள். அதுவும் காப்புரிமை நாள். அந்த மாதிரி அமெரிக்காவில் 2006 வரை வந்துகொண்டிருந்தது, எழுபது லட்சத்துக்கும் மேல். அதற்குள்ளேயே 1964 ஒரு பெரிய பிரிவுக்கோடு. அந்த வருடம் செலவைக் குறைக்கக் கம்பனி செய்முறையை மாற்றியது. கடைந்து எடுத்த உறுப்புகள் சில அச்சில் அழுத்திய தகடாகின. நடு உடலின் உலோகமும் மாறி, வழக்கமான நீலப்பூச்சு அதில் ஒழுங்காகப் பிடிக்காமல் போனது. சேகரிப்பவர்கள் "64க்கு முந்தியது" என்று தனியாகக் கேட்பது இதனால்தான்.

தொடர் இலக்கத்தை இணையப் பட்டியலில் போட்டு வரும் ஆண்டையும் கல்வெட்டாக நம்பவேண்டாம். பல காலமாக ஒருவரைப் பார்த்து ஒருவர் பிரதி எடுத்த பட்டியல்கள் சில மாதிரிகளில் தொழிற்சாலைப் பேரேட்டோடு சில ஆண்டுகள் பிசகுகின்றன. பேரேடு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், துவக்கு எப்படி, எப்போது தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்று கடிதம் தருவார்கள். ஆனால் எல்லா இலக்கமும் அங்கே இல்லை. 1894 மாதிரிக்குச் சுமார் மூன்றரை லட்சம் வரைதான் பேரேடு மிஞ்சியிருக்கிறது.

நம் ஊருக்கு வந்த துவக்குகளில் இன்னொரு சாட்சியும் இருக்கும். பல லண்டன் வழியாக வந்தவை. லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைக்கூடத்தின் கிரீட முத்திரைகள் குழலில் சின்னதாக இருக்கும். 1925க்குப் பிறகு சுமார் முப்பது ஆண்டுகள், அங்கே சோதித்த வெளிநாட்டுத் துவக்குகளில் "இங்கிலாந்தில் செய்ததல்ல" என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தினார்கள். அதைப் பார்த்துவிட்டு "போலி" என்று எறியப் போனவரை எனக்குத் தெரியும். போலி அல்ல, அது அந்தத் துவக்கின் பயணச்சீட்டு. பழைய சாமான் பிறகொரு நாள் சோதனைக்குப் போயிருக்கலாம் என்பதால், அந்த முத்திரையை வைத்தும் செய்த ஆண்டைச் சொல்லிவிட முடியாது.

பெரிய பெயர்களை ஒட்டவைப்பது

நுவரெலியாவில் மேஜர் ரோஜர்ஸின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுபவர், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். "இது ரோஜர்ஸ் துரையின் ரைபிள்" என்று ஒரு லீவர் துவக்கைக் காட்டினால் கணக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஹென்றியின் காப்புரிமைக்கே அப்போது இன்னும் பதினைந்து வருடம் இருந்தது. ஹோட்டன் சமவெளியிலுள்ள நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கரும் அப்படித்தான். 1848இல் நுவரெலியாவில் குடியேறியவர் 1855இல் போய்விட்டார்.

பெயர் ஒட்டியதால் விலை ஏறவேண்டுமானால் காகிதம் வேண்டும். கடை ரசீது, லைசன்ஸ் புத்தகம், கடிதம், துவக்கோடு எடுத்த பழைய படம், இப்படி ஏதாவது. தம்பியின் தாத்தா வருடா வருடம் புதுப்பித்த லைசன்ஸ் தாள்களில் தொடர் இலக்கம் இருந்தது. என்னைக் கேட்டால் துரையின் கதையை விட அந்தத் தாள்கள் பெறுமதியானவை. அவற்றை எரிக்காமல் வைத்திருந்த ஆச்சிக்கு நன்றி.

குழலில் உள்ள எண்ணைத் தப்பாக வாசிப்பது

நம் நாட்டில் 303 என்றால் பழைய பொலிஸ் ரைபிள், லீ-என்ஃபீல்ட். ஆனால் சவேஜ் லீவர் ரைபிளில் இருக்கும் 303 வேறு சாதி. அது சவேஜ் கம்பனியின் சொந்தத் தோட்டா. பிரிட்டிஷ் 303 தோட்டாவை விடக் கட்டை, ரவையின் தடிப்பும் வேறு. பெயர் ஒன்று என்பதால் ஒன்றில் மற்றதைப் போடப் பார்த்தால் விபரீதம். குழப்பத்துக்கு மேல் குழப்பம், வின்செஸ்டரின் 1895 மாதிரி உண்மையான பிரிட்டிஷ் 303க்கும் செய்யப்பட்டது. அதில் குழாய் மகசீன் இல்லை, விசைக்கு முன்னால் பெட்டி மகசீன் நிற்கும். எண்ணுக்குப் பின்னால் என்ன சொல் இருக்கிறது என்பதையும் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, பழைய வின்செஸ்டர் குழலில் "30 டபிள்யூ.சி.எஃப்." என்று இருக்கும். அதைத்தான் உலகம் தேர்ட்டி-தேர்ட்டி என்கிறது, சாதாரணமான தோட்டாதான். இது தெரியாமல் அபூர்வமான ஏதோ ஒன்று என்று நினைத்து ஒருவர் மூன்று வருடம் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்.

துடைத்துப் பளபளப்பாக்குவது

இப்போது சித்தப்பாவுக்கு வருகிறேன். விற்கிற சாமான் அழகாக இருக்கட்டும் என்று அவர் எமரிக் கடதாசி எடுத்து இரண்டு நாள் தேய்த்திருக்கிறார். பிறகு சோங்குக்கு வார்னிஷ். தம்பி அனுப்பிய அடுத்த படத்தில் துவக்கு புதுக் கரண்டி போல மின்னியது. எனக்கு வயிறு எரிந்தது.

நூறு வருடத் துவக்கின் விலையில் பெரும்பங்கு அதன் அசல் மேற்பூச்சில் இருக்கிறது. சேகரிப்பவர் கேட்கும் முதல் கேள்வி, நீலப்பூச்சு எத்தனை வீதம் மிஞ்சியிருக்கிறது என்பது. பூச்சு போய் ஒரே சீராகப் பழுப்பேறிய இரும்பையும் மதிப்பார்கள், அது நேர்மையாக வயதானது. தேய்த்ததை மதிக்கமாட்டார்கள். விலை பாதியாகக் குறைந்தால் அதுவே அதிர்ஷ்டம். மறுபடி நீலம் ஏற்றினாலும் மறைக்க முடியாது. எழுத்துகளின் ஓரம் மங்கியிருக்கும், கூராக இருக்கவேண்டிய விளிம்பு உருண்டிருக்கும், திருகாணியைச் சுற்றிச் சின்னக் குழி விழுந்திருக்கும். அசல் வேலையில் மரம் இரும்பை விட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். மரம் தாழ்ந்திருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்பா செய்த ஒரு தவறையும் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் அவர் துவக்கைத் தேங்காயெண்ணெயால் துடைத்தார். தேங்காயெண்ணெய் இருபத்துநான்கு பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியாவில் விடிய எழும்பிப் போத்தலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உள்ளுறுப்புகளில் உறைந்து, நாள்போகப் பிசினாகி, ஒருநாள் துரையின் லீவர் பாதியில் நின்றது. துரை திட்டிய திட்டு அப்பாவுக்குக் கடைசிவரை நினைவிருந்தது. அதற்குப் பிறகு மெஷின் எண்ணெய்தான், அதுவும் துணியில் தொட்டுத் துடைக்கிற அளவுக்கு.

தோல் பெட்டியும் ஒரு பொறி. நம் பனிக்கும் மழைக்கும் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பாதுகாப்பாக மூடி வைத்தோம் என்று நினைத்த பக்கம்தான் அதிகம் துருப்பிடித்திருக்கும். பெட்டியும் துவக்கும் தனித்தனியாகக் காற்றுப்படும் இடத்தில் இருக்கவேண்டும்.

உடைந்த சோங்குக்குப் பதிலாகப் பலா மரத்தில் ஊர் ஆசாரி செய்து போட்டதும் கண்டிருக்கிறேன். அழகான வேலை, ஆனால் அசல் அமெரிக்க வால்நட் மரம் அல்ல. பழைய 94 வின்செஸ்டரில் தூரப்பார்வைக் கண்ணாடி பூட்ட யாராவது பக்கவாட்டில் துளை போட்டிருப்பார்கள். வெற்றுத் தோட்டா மேலே பாய்கிற அமைப்பு என்பதால் நடுவில் பூட்ட முடியாது. துளை விழுந்த உடலுக்கும் விலை இறங்கும். இருபது அங்குலக் குழல் என்றால் கார்பைன் என்ற கட்டை ரைபிள், அது அசலா, நீளக் குழலை வெட்டியதா என்று முன்குறியின் இடத்தையும் மகசீன் குழாயின் நுனியையும் பார்த்தால் தெரியும்.

அமெரிக்க விலையை ரூபாயாக மாற்றுவது

இருபதாயிரம் டொலர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஒருவர் கேட்ட விலை. கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலத்தின் விலையை வெளியிடும், அதைப் பாருங்கள். பார்க்கும்போதும் அதே மாதிரி, அதே தோட்டா, அதே குழல், அதே நிலை நான்கும் பொருந்தவேண்டும். எண்கோணக் குழலும் அசல் பூச்சும் உள்ள 1873க்குக் கொடுத்த விலையைத் தேய்த்த 1873க்குக் கேட்க முடியாது. 1960களிலிருந்து வந்த நினைவுப் பதிப்புகளும் ஏமாற்றும். தங்கப்பூச்சும் பதக்கமும் இருக்கும், ஆனால் ஆயிரக்கணக்கில் செய்து பெட்டியோடு பத்திரப்படுத்தியவை. இத்தாலியில் செய்த 1873 நகல்களும் உண்டு, சின்னச் சதுரத்துக்குள் இரண்டு எழுத்தில் ஆண்டுக்குறி இருந்தால் அது அந்த வகை.

அதெல்லாம் சரி, அந்தச் சந்தை இங்கே இல்லையே. அங்கே 1898 முடிய செய்த துவக்கைச் சட்டம் தொல்பொருளாகப் பார்க்கிறது. இதை இணையத்தில் வாசித்துவிட்டு "பழையதற்கு லைசன்ஸ் வேண்டாமாம் அண்ணே" என்பார்கள். அது அமெரிக்கச் சட்டம். இங்கே 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம், பிறகு அதன் திருத்தங்கள். லைசன்ஸ் ஆளுக்குக் கொடுப்பது, துவக்கோடு சேர்ந்து பேரனுக்கு வருவதில்லை. மிருகங்களுக்குப் பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்குக்குப் பெயர்போன நம் பக்கத்தில், அலுமாரிக்கு மேல் இருப்பது கௌரவமான வின்செஸ்டர் என்று சொன்னால் எந்த பொலிஸும் தலையாட்டாது.

அதனால் விலை விசாரிக்கப் பேஸ்புக்கில் படம் போடாதீர்கள். துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள், பொலிஸுக்கே ஆனாலும் கூட. ஒரு சட்டத்தரணியைப் பார்த்து, அவர் மூலம் நிலையத்துக்குச் சொல்லி, அவர்களை வந்து எடுக்கச் சொல்லுங்கள். அவ்வப்போது பாதுகாப்பு அமைச்சு பொதுமன்னிப்புக் காலமும் அறிவிக்கிறது. ஒப்படைக்கும்போது இலக்கம் எழுதிய ரசீது கேளுங்கள். குடும்பத்தில் ஒருவர் லைசன்ஸுக்கு விண்ணப்பிப்பதென்றால் அது அதற்குப் பிறகு கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நடக்கிற வேலை.

தம்பி அப்படித்தான் செய்தார். வந்த சார்ஜன்ட் மகசீனைத் திறந்தபோது பச்சை பிடித்த இரண்டு தோட்டாக்கள் விழுந்தன. சித்தப்பா அதைத்தான் இரண்டு நாள் மடியில் வைத்துத் தேய்த்திருக்கிறார்.

போன மாதம் தம்பி மறுபடி எடுத்தார். தோல் பெட்டி வீட்டிலேயே இருக்கிறதாம், மூடியின் உள்பக்கத்தில் ஆர்மி அண்ட் நேவி என்ற லண்டன் கடையின் லேபல் கிழியாமல் ஒட்டியிருக்கிறதாம். லேபலோடு இருக்கும் பழைய துவக்குப் பெட்டிகளைத் தனியாகவே வாங்குகிறவர்கள் உண்டு, அதற்கு லைசன்ஸும் தேவையில்லை. "சித்தப்பாவிடம் மட்டும் கொடுக்காதே" என்றேன்.